புதுப்பிப்பு: பாய்மரக் கம்பி மாற்றியாச்சு

மொரீஷியஸின் கிராண்ட் பேயில் நிற்கும் எங்கள் பாய்ப்படகின் பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளைக் கையைக் கடிக்காமல் மாற்ற வழி கேட்டிருந்தேன். சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கம்பிகளின் முனைகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கச் சொன்ன அண்ணன் பேச்சு பலித்தது. மேல்முனைகள் பளிச்சென்று இருக்க, கீழ்முனையில் கம்பியைக் கவ்வியிருக்கும் குழாயில் மயிரிழை விரிசல், ஓரத்தில் துருக்கறை. உப்புநீர் வடிந்து தேங்குவது அங்கேதான். 19 இழைக் கம்பியில் ஓர் இழை அறுந்தாலும் நம்பக்கூடாது.

316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிதான் வாங்கினோம். 304 தரம் மலிவு, ஆனால் கடலில் சீக்கிரம் துருவேறும். திருகி மாட்டும் முனைகள் போட்டதால் முனையைக் கம்பியோடு அழுத்திப் பொருத்தும் இயந்திரம் தேவைப்படவில்லை. அடுத்த முறை முனைக்குள் கம்பியைப் பிடித்திருக்கும் கூம்பை மாற்றிவிட்டு அதே முனையைத் திரும்ப மாட்டலாம். பெரிய மிச்சம் இதில்தான்!

பாய்மர உச்சியிலிருந்து படகின் பின்பக்கம் வரும் பின்கம்பி மட்டும் பாக்கி. நவம்பரில் சைக்லோன் காலம் தொடங்குமுன் முடித்துவிடுவோம்.