ஊட்டா ஹாகன் பயிற்சிகள்: எங்கே சறுக்குகிறது?

அமெரிக்க நடிகையும் நடிப்பு ஆசிரியருமான ஹாகனின் ஆப்ஜெக்ட் பயிற்சியை மைம் (பொருள் இல்லாமல் சைகையால் நடிப்பது) என்று நினைத்தே பலர் தொடங்குகிறார்கள். மைம் கிடையாது. சாவி, பை, செருப்பு எல்லாம் நிஜமாகவே மேடையில் இருக்கணும். தனியாக இருக்கும்போது செய்கிற சாதாரண வேலை ஒன்று, இரண்டு நிமிடம், அதை அப்படியே திரும்ப நிகழ்த்தணும். இதற்கே ஒரு மணி நேர ஒத்திகை பிடிக்கும்.

"வெளியே கிளம்புகிறேன்" என்று மட்டும் எடுத்தால் சப்பென்று போகும். மணி 8.40, 9 மணி பஸ், சாவியைக் காணோம். நேரம், தேவை, தடை மூன்றும் வந்தாச்சு. ஆனால் சாவி எங்கே இருக்கிறது என்பது நடிப்பவருக்குத் தெரியுமே! அதனால் கை துழாவும், கண் தேடாது. மருந்து இதுதான்: தேடுகிற ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு காரணம் வேண்டும். 'நேற்று இந்தச் சட்டைதானே போட்டிருந்தேன்' என்று நம்பி பாக்கெட்டில் கை விட்டால், அது காலியாக இருப்பது நிஜமாகவே உறைக்கும்.

—

நான்காவது சுவரை, அதாவது மேடைக்கும் பார்வையாளருக்கும் நடுவே இருப்பதாக நினைத்துக்கொள்ளும் சுவரை, விட்டுவிட்டீர்கள். அதற்கு ஹாகன் கொடுத்தது டெலிபோன் உரையாடல். போனில் பேசும்போது கண் ஜன்னல், காலண்டர், சுவர் விரிசல் என்று எதிலாவது போய் உட்காரும். அந்த மூன்று நான்கு பொருட்களைப் பார்வையாளர் பக்கம், உயரம் தூரம் முடிவு செய்து, அரங்கில் உள்ள ஏதாவது ஒரு புள்ளியில் மாட்டிவிடுங்கள். காலண்டரில் தேதியைப் படிக்க முயன்றால் தொலைந்தது, பார்வை விறைத்துவிடும். கவனம் பேச்சில்தான் இருக்கணும்.

அவரே ஒரு காலத்தில் மேடைத் தந்திரங்களில் மாட்டியவர் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். 1943இல் பிராட்வேயில் நடிகர் பால் ராப்சனுடன் 'ஒதெல்லோ' நாடகத்தில் டெஸ்டிமோனாவாக நடித்துப் பெயர் வாங்கியாச்சு. 1947இல் ஹெரால்ட் க்ளர்மன் இயக்கத்தில் நடித்தபோதுதான் அந்தத் தந்திரங்கள் கழன்றன. அதே ஆண்டு நியூயார்க்கின் எச்பி ஸ்டுடியோ என்ற நடிப்புப் பள்ளியில் கற்பிக்கத் தொடங்கினார். 2004இல் இறந்தார், கற்பித்தது ஐம்பது ஆண்டுகளுக்கும் மேல்.

—

அதிகம் கெட்டுப்போவது சப்ஸ்டிட்யூஷன், அதாவது நாடகத்தில் உள்ளதற்குச் சொந்த வாழ்க்கையிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்வது. ஹாகனின் 1973 புத்தகத்தில் அந்தப் பெயர். 1991இல் ட்ரான்ஸ்ஃபரன்ஸ் என்று மாற்றினார். மாற்றியது சரி என்பேன். பழைய பெயரைக் கேட்டதும் எதிரே நிற்கும் நடிகரை அழித்துவிட்டு அங்கே சொந்த அண்ணனை நிறுத்துகிறார்கள். பார்வை அவரைத் தாண்டிப் போய்விடுகிறது, அவர் கொடுக்கும் வசனம் காதில் விழுவதில்லை. அண்ணனிடம் உள்ள உறவைக் கொண்டுவந்து எதிரே இருப்பவர்மேல் ஏற்றணும். ஏறியதும் அண்ணனை விட்டுவிடலாம்.

இன்னொன்று, சோகச் சம்பவத்தை முழுசாக நினைத்து அழப் பார்ப்பது. சம்பவம் வேண்டாம், அதற்குள் இருக்கும் ஒரு சின்னப் பொருள் போதும்: மழை வழியும் கண்ணாடி, ஒரு செருப்புச் சத்தம். அது எது என்று இயக்குநரிடமோ சக நடிகரிடமோ சொல்லாதீர்கள். சொன்ன மறுநாளே அதன் வீரியம் போய்விடும்.