5-எச்டி2ஏ பெட் ஸ்கேன்: மருந்தை 2 வாரம் நிறுத்தினால் போதுமா?

கயல்:
மனச்சிதைவு நோயாளிகளின் முன்மடலில் 5-எச்டி2ஏ செரட்டோனின் ஏற்பிகளை, அவற்றில் ஒட்டும் கதிரியக்க ட்ரேசரான ஆல்டன்செரின் கொண்டு பெட் ஸ்கேனில் அளக்கத் திட்டம் எழுதுகிறோம். பாதிப்பேர் ரிஸ்பெரிடோன் அல்லது ஓலான்சபைன் என்ற மனநோய் மருந்து எடுப்பவர்கள். 2 வாரம் நிறுத்திவிட்டு ஸ்கேன் எடுக்கலாமா? இன்னொரு குழப்பம்: 1999-ல் டொரன்டோ குழு செட்டோபெரோன் என்ற வேறு ட்ரேசர் வைத்துப் பார்த்து, நோயாளிகளுக்கும் மற்றவர்களுக்கும் வித்தியாசம் இல்லை என்றது. 2010-ல் கோபன்ஹேகன் குழு, மருந்தே தொடாத 30 பேரின் முன்மடலில் குறைவு என்றது. எதை வைத்து, எத்தனை பேர் தேவை என்று ஆள் கணக்குப் போடுவது?

மருந்தியல்காரன்:
வேண்டாம். இந்த மருந்துகள் டோபமின் டி2 ஏற்பியைப் போதிய அளவு பிடிப்பதற்கு முன்பே, குறைந்த டோஸிலேயே, மூளைப் புறணியின் 5-எச்டி2ஏ கிட்டத்தட்ட முழுக்க அடைபட்டுவிடும். மருந்து வெளியேறினாலும் சிக்கல் தீராது. தடுப்பான்களாக இருந்தும், நாள்பட எடுத்தால் இவை ஏற்பியின் எண்ணிக்கையையே குறைக்கின்றன. எலிகளில் நன்றாகக் காட்டப்பட்ட விஷயம். குறைவு தெரிந்தால் நோயாலா மருந்தாலா என்று பிரிக்கவே முடியாது. பிரேத மூளை ஆய்வுகள் மீதும் இதே சந்தேகம்தான். மாதமொருமுறை போடும் டெப்போ ஊசி என்றால் 2 வாரம் எந்த மூலைக்கு? ஸ்கேனுக்காக மருந்தை நிறுத்தி நோய் திரும்பினால் அதற்கு யார் பொறுப்பு?

முதல்முறை நோய் வந்த, மருந்து தொடங்காதவர்களை மட்டும் எடுங்கள். மிர்டாசபின், டிராசோடோன், பசிக்காகக் கொடுக்கும் சைப்ரோஹெப்டடின் எல்லாம் இதே ஏற்பியை அடைப்பவை. பசி மாத்திரையை யாரும் மருந்துக் கணக்கில் சொல்லமாட்டார்கள், பேர் சொல்லிக் கேளுங்கள். பதற்றத்துக்கு லோராசெபம் கொடுக்கலாம், இந்த ஏற்பியை அது தொடாது.

ஐசோடோப்:
உடலில் ஆல்டன்செரின் உடைந்து உண்டாகும் கதிரியக்கப் பொருட்களும் மூளைக்குள் நுழையும். ஒரே ஊசியாகப் போட்டால் பின்னணி மாறிக்கொண்டே இருக்கும். அதனால் ஒரு பகுதியை போலஸாகவும் (ஒரே தடவையில் போடும் ஊசி) மீதியைப் பம்பில் தொடர்ந்தும் செலுத்துவார்கள். கோபன்ஹேகன் விகிதம் 1.75 மணி: பம்பில் மணிக்கு 50 மெகாபெக்கரல் (கதிரியக்க அலகு) என்றால் போலஸ் 87.5. இரண்டும் ஒரே நேரத்துக்குக் கதிரியக்கச் சிதைவு திருத்திய அளவுகள். ட்ரேசரிலுள்ள கதிரியக்க ஃபுளோரின்-18-இன் அரை ஆயுள் 110 நிமிடம், திருத்த மறந்தால் விகிதமே தப்பு. 120 முதல் 160 நிமிடம் வரை ஸ்கேன். இரத்தம் பம்பு செருகாத கையிலிருந்து. பிளாஸ்மாவில் தாய்ச் சேர்மத்தை (உடையாத ஆல்டன்செரினை) எச்பிஎல்சி என்ற பிரிப்பு முறையில் பிரித்துத்தான் கணக்கிட வேண்டும். அந்த 40 நிமிடத்தில் பிளாஸ்மாவோ புறணியோ ஏறி இறங்கினால் சமநிலை இல்லை என்று பொருள். பம்பு நடுவில் நின்றால் அந்த ஸ்கேனைக் காப்பாற்ற வழியில்லை.

கயல்:
நன்றி. சிறுமூளையை ஒப்பீட்டுப் பகுதியாக வைக்கலாம்தானே?

ஐசோடோப்:
வைக்கலாம், அங்கே இந்த ஏற்பி மிகக் குறைவு. நடுவிலுள்ள வெர்மிஸை மட்டும் விட்டுவிடுங்கள்.

வோக்சல்:
முரண்பாட்டுக்கு வருவோம். டொரன்டோவில் நோயாளிகள் 13 பேர்தான். அவ்வளவு சிறிய குழுவில் மிதமான குறைவு தெரியாமல் போகலாம்; "இல்லை" என்று நிரூபணமானதாகக் கொள்ளாதீர்கள். செட்டோபெரோன் டி2-விலும் ஒட்டும், ஆனால் டி2 அதிகமுள்ள, மூளையின் ஆழத்திலிருக்கும் ஸ்ட்ரையேட்டத்தில்தான் அது தொல்லை. புறணிக்குப் பெரிய பாதகமில்லை. எனவே ட்ரேசர்மேல் பழி போட வேண்டாம்.

எதிர்ப்பக்கமும் பாருங்கள். புறணியின் தடிமன் 2-3 மிமீ, சாதாரண பெட் கருவியின் தெளிவு 4-6 மிமீ. இந்த நோயில் புறணி மெலிவதால், ஏற்பி மாறாவிட்டாலும் சிக்னல் குறைந்து தெரியும். ஒவ்வொருவருக்கும் எம்ஆர்ஐ எடுத்து, பகுதிக்கன அளவுத் திருத்தம் (மெல்லிய புறணியின் சிக்னல் அக்கம்பக்கத்தோடு கலப்பதைச் சரிசெய்வது) செய்ததையும் செய்யாததையும் சேர்த்தே வெளியிடுங்கள். வயது ஏற ஏற இந்த ஏற்பி குறையும், ஆகவே கட்டுப்பாட்டுக் குழுவை வயதுக்கு ஆள் ஆளாகப் பொருத்துங்கள். சராசரி ஒத்துப்போவது போதாது. ஆள் கணக்குக்கு 2010 ஆய்வின் வித்தியாசத்தை அப்படியே எடுக்காமல், அதைவிடச் சிறியதாக வைத்துப் போடுங்கள்.