நடையும் தடிமனும்: வன்னியில் எவ்வளவு நடந்தால் போதும்?

நடந்தால் தடிமன் (சளி) மாதிரி வருத்தங்கள் குறையுமோ, எவ்வளவு நடக்க வேணும் எண்டதுக்கு வன்னியின்ர நாலு ஊரிலயிருந்து பதில்கள்.

கிளிநொச்சி:
குளக்கட்டில காலமை கதைச்சுக் கதைச்சு உலாத்துறதை நடைப்பயிற்சி எண்டு கணக்கெடுக்கேலாது. மூச்சு வாங்க வேணும்: கதைக்க ஏலும், பாட ஏலாது. நிமிடத்துக்கு 100 காலடி வைச்சால் அநேகமா அந்த வேகம் வரும். உலக சுகாதார நிறுவனம் 2020இல சொன்னது கிழமைக்கு 150 தொடக்கம் 300 நிமிடம். அதை 5 நாளுக்கு 30 நிமிடமாப் பிரிக்கிறது நல்லம். வேகமா நடக்கேக்க அட்ரினலின் கூடி, இரத்தக் குழாய்ச் சுவரிலயும் மண்ணீரலிலயும் தங்கி நிக்கிற, நோயை எதிர்க்கிற வெண்குருதிக் கலங்கள் இரத்தத்துக்குள்ள இறங்கும், முக்கியமா வைரசு பிடிச்ச கலங்களை அழிக்கிற இயற்கைக் கொல்லிக் கலங்கள். நடை முடிஞ்சு ஓரிரு மணித்தியாலத்தில திரும்பக் குறைஞ்சிடும். ஞாயிறு மட்டும் இரண்டரை மணித்தியாலம் நடந்தால் இது கிழமைக்கு ஒருக்காத்தான் நடக்கும்.

முல்லைத்தீவு:
அந்தக் குறைவைப் பாத்துத்தான், பயிற்சிக்குப் பிறகு நோய்க்கு வாசல் திறந்து கிடக்கும் எண்டு முந்திச் சொன்னவை. கலங்கள் அழியேல்லை, நுரையீரல், குடல் பக்கம் ரோந்து போகுது எண்டுதான் இப்ப கன ஆய்வாளர் சொல்லினம். மரதன் வேற கதை. 1987இல லொஸ் ஏஞ்சலிஸ் மரதன் ஓடினவையில 12.9 வீதமானோருக்கு அடுத்த கிழமை தடிமன் மாதிரி வருத்தம். பதிஞ்சும் ஓடாத, அதேயளவு பழகின ஆக்களில 2.2 வீதம். ஆனால் அது அவையவை சொன்ன அறிகுறிக் கணக்கு, ஆய்வுகூடச் சோதனை இல்லை. சனநெரிசலும் நித்திரைக் குறைவும் அதுக்குள்ள கலந்திருக்கும்.

ஒட்டுசுட்டான்:
வயல் வேலையும் கணக்குத்தான். வரம்பு கட்டி, களை பிடுங்கிற நாளில தனியா நடக்கத் தேவையில்லை. தண்ணியும் நித்திரையும்தான் தேவை. காலபோக வெட்டு முடிஞ்சு சும்மா இருக்கிற மாதங்களிலதான் உடம்பு கெடுது. வெயில் கூடின பங்குனி, சித்திரையில காலமை 6 மணிக்குத் தொடங்கி 7க்குள்ள முடியுங்கோ. யானை வாற பக்கமெண்டால் விடியமுன் றோட்டில இறங்க வேண்டாம், வளவைச் சுத்தினாலும் காணும். இன்சுலின் போடுறவை வெறுவயித்தோட நடந்தால் இரத்தத்தில சீனி இறங்கி மயங்கலாம்.

வவுனியா:
எவ்வளவு நடந்தாலும் எலிக்காய்ச்சலையும் டெங்குவையும் அது மறிக்காது. சேத்துக்குள்ள இறங்க முன்னம் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில எலிக்காய்ச்சல் வராமத் தடுக்கக் குடுக்கிற டொக்சிசைக்கிளின் மருந்து பற்றிக் கேளுங்கோ, காலில காயமெண்டால் கட்டாயம். மூக்கு ஒழுகல் மட்டுமெண்டால் மெதுவா நடக்கலாம். காய்ச்சல், உடம்பு உளைவு, நெஞ்சுச்சளி எண்டால் நிப்பாட்டுங்கோ: வைரசு இதயத் தசையைப் பிடிச்சிருந்தால் ஓட்டம் அதை மோசமாக்கும். சாதாரண காய்ச்சல் விட்டபிறகு 10 நிமிடத்தில தொடங்கி, நாளுக்கு 5 நிமிடமாக் கூட்டுங்கோ. டெங்குவுக்கு இந்தக் கணக்குச் சரிவராது. காய்ச்சல் இறங்கி வாற 24 தொடக்கம் 48 மணித்தியாலம்தான் அதில ஆபத்தான நேரம், அப்ப ஆஸ்பத்திரியில படுக்கையில இருக்கவேணும்.