தன்விடுவிப்பு: அடிமைகள் தாமே ஈட்டிய விடுதலைக்கு ஒரு கலைச்சொல்

மடற்குழு அன்பர்களுக்குப் பினாங்கிலிருந்து வணக்கம்.

நாம் தொகுத்துவரும் உலக வரலாற்றுச் சொற்பட்டியலில் 'செல்ஃப் இமான்சிபேஷன்' (அடிமைகள் தம்மைத் தாமே விடுவித்துக்கொள்வது) என்பதற்கு 'விடுதலை பெறுதல்' என்று இட்டுவிட்டு அடுத்த சொல்லுக்குப் போகலாம் என்று கோலாலம்பூர் நண்பர் எழுதியிருந்தார். கிள்ளான் ஆசிரியையம்மா 'சுயவிமோசனம்' என்றும், ஈப்போ ஐயா 'தன்மீட்பு' என்றும் மாற்றுச் சொற்களை முன்வைத்திருக்கிறார்கள். நான் 'தன்விடுவிப்பு' என்பதை முன்மொழிகிறேன். காரணத்தைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும். ஏனென்றால், அடிமைத்தளை அறுபட்ட வரலாற்றில் கிளர்ச்சிக்கு என்ன இடம் என்ற கேள்விக்கு நாம் தரும் விடைதான் இந்தச் சொல்லை முடிவு செய்யும்.

'விடுதலை பெற்றனர்' என்று எழுதினால், யாரிடமிருந்து பெற்றனர் என்ற கேள்வி உடனே பின்தொடர்கிறது. 'வெற்றி பெற்றோம்' என்பதில் கொடுப்பவர் யாரும் இல்லையே என்று கேட்கலாம்; அது சரிதான். ஆனால் அடிமை வரலாற்றில் அந்தச் சொல்லின் பக்கத்தில் எப்போதும் ஒரு நாடாளுமன்றமோ ஒரு பிரகடனமோ நின்றுகொண்டிருப்பதால், மாணவர் மனம் கொடுத்தவரைத் தேடித்தான் போகும். கொடுத்தவர் கிடைத்தபின் எடுத்தவர் மறைந்துவிடுகிறார்.

கரீபியக் கடலில் பிரான்சின் குடியேற்றமாக இருந்த மார்த்தினிக் தீவில் 1848-இல் நடந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். பாரிசில் புதிய குடியரசு, அடிமை முறையை ஒழிக்கும் ஆணையில் ஏப்ரல் 27 அன்று கையெழுத்திட்டது. ஆணை ஒவ்வொரு குடியேற்றத்திலும் வெளியிடப்பட்டு இரண்டு மாதம் கழித்தே நடைமுறைக்கு வரும் என்பது ஏற்பாடு. அந்த ஆணையைச் சுமந்த கப்பல் கடலில் இருக்கும்போதே, தீவின் வடக்கே ஒரு தோட்டத்தில், மரவள்ளிக்கிழங்கு துருவும் வேலைக்குத் தாளம் கூட்டிப் பறையடித்த ரொமேன் என்ற அடிமையைத் தோட்ட உரிமையாளர் தடுத்தார். ரொமேன் அடிப்பதை நிறுத்த மறுத்ததால் அவரைச் சிறையில் அடைத்தார்கள். கிழங்கு துருவும்போது பறை கொட்டுவது அந்த மக்களின் நெடுநாள் வழக்கம். அவரை விடுவிக்கக் கோரிச் செயிண்ட் பியேர் நகரில் மக்கள் திரண்டார்கள். மே 22 அன்று அது பெருங்கிளர்ச்சியாக மாறியது. மறுநாளே ஆளுநர் ரொஸ்டோலான் தீவில் அடிமை முறை ஒழிந்தது என்று அறிவித்தார். கப்பல் ஜூன் தொடக்கத்தில்தான் வந்து சேர்ந்தது. பாரிசில் குடியரசு வந்த செய்தி அடிமைகளுக்கு எட்டியிருந்தது, நம்பிக்கை ஊட்டியிருந்தது என்பதும் உண்மையே. ஆயினும் அந்த நாளில் அந்த மண்ணில் விடுதலையை நிகழ்த்தியது ஆணையன்று. மார்த்தினிக் மக்கள் இன்றும் மே 22-ஐத்தான் விடுதலை நாளாகக் கொண்டாடுகிறார்கள். இந்த நிகழ்வைத் தமிழில் ஒரே வரியில் எழுதச் சொன்னால், 'விடுதலை பெறுதல்' என்ற சொல்லை வைத்துக்கொண்டு எப்படி எழுதுவது?

கோலாலம்பூர் நண்பர் எழுப்பிய தடை கனமானது; அதைத் தட்டிக்கழிக்க எனக்கு மனமில்லை. பெரும்பாலான அடிமைக் கிளர்ச்சிகள் நசுக்கப்பட்டன, முடிவில் சட்டம்தான் விடுவித்தது, எனவே 'தன்' என்ற முன்னொட்டு மிகை என்கிறார். பண்டைய ரோமில் கிளர்ந்தெழுந்த அடிமைகளின் தலைவர் ஸ்பார்ட்டகசின் படை தோற்றபின் சுமார் 6,000 பேர் ஆப்பியன் நெடுஞ்சாலையில் சிலுவையில் அறையப்பட்டதையும் அவர் எடுத்துக்காட்டியிருந்தார். தோற்ற கிளர்ச்சிகளே மிகுதி என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் தோல்வி என்பதைக் களத்தில் மட்டும் வைத்து அளக்கக் கூடாது என்பதற்குப் பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்த கரீபியத் தீவான ஜமைக்கா சான்று. பாப்டிஸ்ட் திருச்சபை ஊழியராக இருந்த அடிமை சாமுவேல் ஷார்ப், 1831-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமசுக்குப் பிறகு கூலி தராமல் யாரும் கரும்பு வெட்டப் போவதில்லை என்று தோட்டம் தோட்டமாக உறுதி வாங்கினார். டிசம்பர் 27 இரவு கென்சிங்டன் தோட்டத்தில் எழுந்த தீயோடு அது ஆயுதக் கிளர்ச்சியாயிற்று. சில வாரங்களில் அடக்கிவிட்டார்கள். 300-க்கும் மேற்பட்டோருக்கு மரண தண்டனை. ஷார்ப் 1832 மே 23 அன்று தூக்கிலிடப்பட்டார். களத்தில் பார்த்தால் முழுத் தோல்வி. ஆனால் அவர் தூக்கிலிடப்பட்ட அதே 1832-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் அடிமை முறை பற்றி ஆராயக் குழு அமைத்தன. 1833-இல் ஒழிப்புச் சட்டம் நிறைவேறியது. லண்டனில் நெடுங்காலமாக மனுப் போட்டவர்களின் உழைப்பை நான் குறைத்து மதிக்கவில்லை. இனியும் அடிமை முறையைக் காப்பாற்ற வேண்டுமானால் தீவுகளில் ஓயாமல் படை நிறுத்தி இரத்தம் சிந்த வேண்டும் என்ற கணக்கை அவர்களின் மனுக்களோடு சேர்த்து நாடாளுமன்றத்தின் முன் வைத்தவர்கள் ஷார்ப்பும் அவருடைய கூட்டாளிகளும்தான். சட்டம் வந்தபோதும் 2 கோடி பவுண்டு இழப்பீடு உரிமையாளர்களுக்குத்தான் போயிற்று; அடிமைகளாக இருந்தவர்களுக்கு ஒரு காசும் இல்லை. விடுவித்ததன் புகழையும் பணத்தையும் ஒரு தரப்பு எடுத்துக்கொண்டபின், செயலின் பெயராவது மறுதரப்பிடம் இருக்க வேண்டாமா?

ஈப்போ ஐயாவின் 'தன்மீட்பு' ஓசையில் இனிது. ஆனால் மீட்பு என்றால் நம் வீடுகளில் முதலில் நினைவுக்கு வருவது அடகு வைத்த நகையைப் பணம் கட்டி மீட்பது. அதில் அடகுக் கடைக்காரரின் உரிமையை நாம் ஒப்புக்கொண்டுதான் பணத்தை நீட்டுகிறோம். எசமானுக்குத் தன் விலையைத் தானே செலுத்தி விடுபட்ட அடிமைகள் உண்டு. அந்த நிகழ்வுக்குத் 'தன்மீட்பு' மிகப் பொருத்தமானது, அங்கே அதை வைத்துக்கொள்வோம். கிளர்ச்சியால் வந்த விடுதலைக்கு அது பொருந்தாது. கரீபியக் கடலில் அப்போது பிரான்சின் குடியேற்றமாக இருந்த எய்ட்டியின் கதையே போதும். 1791 ஆகஸ்டில் வட சமவெளிக் கரும்புத் தோட்டங்களில் தொடங்கிய எழுச்சி, பிரான்சையே 1794-இல் அடிமை முறை ஒழிப்பை அறிவிக்க வைத்தது. 1802-இல் நெப்போலியன் அடிமை முறையை மீண்டும் நிலைநாட்ட முற்பட்டபோது, தலைவர் தூசேன் லூவெர்த்யூர் சிறைப்பட்ட பிறகும் மக்கள் போரிட்டு, 1803 நவம்பரில் வெர்த்தியேரில் வென்று, 1804 சனவரி முதல் நாளில் தனி நாடானார்கள். அவர்கள் யாருக்கும் விலை கட்டி மீளவில்லை. 1825-இல் போர்க்கப்பல்களை அனுப்பி 15 கோடி பிராங்க் கேட்டு மிரட்டிய பிரான்சுதான், வென்றெடுத்த விடுதலையைக் கடனாக மாற்றியது. 'மீட்பு' என்று நாம் எழுதினால் அந்த மிரட்டலின் தரப்பில் போய் நின்றுவிடுவோம்.

இனிச் சொல்லாக்கம். 'விடுதலை' நிலையைச் சொல்கிறது. 'விடுவிப்பு' செயலைச் சொல்கிறது. விடுவி என்பது பிறவினை. அதற்கு எழுவாயாக ஒருவர் இருந்தே ஆக வேண்டும். அந்த எழுவாய் அடிமைப்படுத்தப்பட்டவர்களே என்பதைத் 'தன்' காட்டுகிறது. செயப்படுபொருள் கொள்ளும் வினைப் பெயரின் முன் 'தன்' நிற்குமா என்ற ஐயத்துக்குத் தற்காப்பு, தற்கொலை என்ற வழக்குகளே விடை. பலர் செயலுக்குத் 'தம்' அல்லவா வர வேண்டும் என்று தனி மடலில் ஒருவர் கேட்டிருந்தார். தன்னாட்சி, தன்மானம் ஆகியவை ஓர் இனத்துக்கே வழங்குவதால் அந்தக் கவலை தேவையில்லை. 'சுயவிமோசனம்' பொருளில் சரியே. ஆனால் சாபவிமோசனம் என்ற நினைவைத் தவிர்க்க முடியாது, அங்கே விமோசனம் எப்போதும் மேலிருந்து வருகிறது.

இதோடு சேர்ந்த இரண்டு சொற்களையும் பார்த்துவிடலாம். 'ரெபெலியன்' என்பதற்குப் பட்டியலில் 'கலகம்' என்று இருக்கிறது. 1857-ஐச் சிப்பாய்க் கலகம் என்று படித்த தலைமுறையும் பெரும்புரட்சி என்று படித்த தலைமுறையும் நம் குழுவில் இருக்கிறோம். ஒரு சொல் யார் பக்கம் நிற்கிறது என்று நமக்கு விளக்கத் தேவையில்லை. 'கிளர்ச்சி' என்றே வைக்கலாம். தப்பியோடி மலைகளிலும் காடுகளிலும் ஊர் அமைத்து வாழ்ந்த 'மரூன்' மக்களைத் 'தப்பியோடியோர்' என்று எழுதுவது, ஆளைத் தேடி எசமான் கொடுத்த விளம்பரத்தின் குரலாக இருக்கிறது. மலையரண், காட்டரண் என்று நம்மிடம் பழஞ்சொற்கள் உள்ளன. 'அரண்குடியினர்' என்று சொல்லலாம். 1690-களில் வீழ்ந்து தலைவர் சும்பி 1695-இல் கொல்லப்படும்வரை பிரேசிலில் பல தலைமுறை நின்ற பல்மாரெசு என்ற அரண்குடியிருப்பும், ஜமைக்காவின் மலையூர்களும் அப்படிப்பட்ட அரண்கள்தாம். ஜமைக்கா அரண்குடியினர் 1739-இல் ஆங்கிலேயருடன் செய்த உடன்படிக்கையில், இனித் தப்பி வருவோரைத் திருப்பி ஒப்படைப்பதாக ஏற்றுக்கொண்டார்கள் என்பதையும் குறிப்பில் சேர்க்க வேண்டும். அது வேதனையான செய்திதான். விட்டுவிட்டால் வரலாறு பாதியாகிவிடும்.

நம் மண்ணுக்கும் இந்தச் சொல் தேவைப்படுகிறது. 1833 சட்டம் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சிப் பகுதிகளுக்குப் பொருந்தாது என்று அதிலேயே விலக்கு இருந்தது; பினாங்கு அப்போது கம்பெனியின் கையில் இருந்தது. பத்தாண்டு கழித்து வந்த 1843-ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டமும் அடிமைகளை விடுவிப்பதாகச் சொல்லவில்லை. அடிமை மீதான உரிமையை நீதிமன்றங்கள் ஏற்காது என்று மட்டும் சொன்னது. ஆகவே அதையும் 'ஒழிப்பு' என்று எழுதாமல் 'சட்ட ஏற்பு நீக்கம்' என்று எழுதுவதே முறை. பேராக்கில் 1870-களில் கடனடிமைகளாக இருந்தவர்கள், பெண்கள் உட்பட, பிரிட்டிஷ் ஆலோசகரான ரெசிடென்ட் பர்ச்சிடம் தப்பி வந்து அடைக்கலம் தேடினார்கள். அவர்களுக்கு அவர் இடங்கொடுத்தது, 1875 நவம்பர் 2 அன்று பாசிர் சாலாக்கில் அவர் கொல்லப்பட்டதற்கான காரணங்களில் ஒன்று. பர்ச்சையும் அவரை எதிர்த்த பெருங்குடியினரையும் நம் மாணவர்கள் நன்கு அறிவார்கள். இரவோடு இரவாகத் துணிந்து வெளியேறிய அந்தப் பெண்களின் செயலுக்கு மட்டும் பாடத்தில் பெயரில்லை. தன்விடுவிப்பு என்று அதைக் குறிக்கலாம். வாளேந்தாத கிளர்ச்சியும் கிளர்ச்சியே.

ஓர் எல்லையையும் இப்போதே வகுத்துக்கொள்ள வேண்டும். நம் முன்னோரின் சஞ்சிக்கூலி (ஒப்பந்தக் கூலி) வாழ்வுக்கு இந்தச் சொல்லை நீட்டலாம் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். உணர்வு புரிகிறது, ஆனால் நான் உடன்படவில்லை. இரண்டுக்கும் உறவு உண்டு: 1823-இல் தென் அமெரிக்காவின் பிரிட்டிஷ் குடியேற்றமான டெமராராவில் அடிமைக் கிளர்ச்சி வெடித்த 'சக்ஸஸ்' தோட்டத்தின் உரிமையாளர் ஜான் கிளாட்ஸ்டன்தான், அடிமை முறை முடியும் தறுவாயில் கல்கத்தாவுக்குக் கடிதம் எழுதி, 1838-இல் இந்தியக் கூலிகளை அங்கே இறக்க வழிசெய்தவர். அடிமையின் இடத்தில் கூலியை நிறுத்தினார்கள். எனினும் சஞ்சிக்கு ஒரு காலக்கெடு இருந்தது. கூலியின் பிள்ளை பிறக்கும்போதே விற்பனைப் பொருளாகவில்லை. இரண்டையும் ஒரே பெயரில் அடைத்தால் இரண்டின் துயரமும் மங்கிவிடும். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை எதிர்த்தும், கூலி உயர்வு கேட்டும் 1941-இல் கிள்ளான் தோட்டத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம், படையை இறக்கி அடக்கும் அளவுக்கு ஆட்சியை அஞ்ச வைத்தது. அதற்கு 'எழுச்சி', 'வேலைநிறுத்தம்' என்ற சொற்களே போதுமான பெருமையுடையவை.

பட்டியலில் சேர்க்க வேண்டிய பதிவை இப்படி எழுதியிருக்கிறேன். திருத்தம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் மடலிடுங்கள். 'தன்விடுவிப்பு: அடிமைப்படுத்தப்பட்டோர் கிளர்ச்சி, வெளியேற்றம், வேலை மறுப்பு ஆகிய தம் செயல்களால் அடிமை நிலையைத் தாமே முடிவுக்குக் கொண்டுவருதல், அல்லது அதை முடிக்க ஆட்சியாளரைக் கட்டாயப்படுத்துதல். எடுத்துக்காட்டு: மார்த்தினிக் மக்கள் 1848 மே 22 அன்று தன்விடுவிப்பில் இறங்கினர், ஆளுநர் மறுநாள் அதை அறிவித்தார்.'