குதிரைக்கு இன்சூரன்ஸ் இருந்தது, ஏறினவருக்கு இல்லை

கொடைக்கானலிலிருந்து:

ஏரியைச் சுற்றி நான்கு குதிரைகளை வைத்துச் சவாரி விடுகிறேன். முழுச் சுற்று சுமார் ஐந்து கிலோமீட்டர் வரும். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு மே மாத ஞாயிறு, நல்ல கூட்டம். பின்னால் வந்த பைக்கின் சைலன்சர் பட்டென்று வெடித்ததில் குதிரை மிரண்டு பக்கவாட்டில் துள்ளியது. மேலே இருந்த அம்மா விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கூடப் போன பையன் கயிற்றை விடாமல் பிடித்திருந்தான். அவன் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் அவருடைய கணவர், "உங்ககிட்ட இன்சூரன்ஸ் இருக்குமே?" என்று கேட்டார். இருக்கிறது என்று நம்பிச் சொன்னேன். ஏஜென்டுக்குப் போன் போட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. என்னிடம் இருந்தது கால்நடை பாலிசி. குதிரை செத்தால் எனக்குப் பணம் வரும். குதிரையால் இன்னொருவருக்கு அடிபட்டால் அதில் ஒரு ரூபாய்கூடக் கிடையாது. சிகிச்சைச் செலவில் பாதிக்கு மேல் கைக்காசு போனது. அவர்கள் வழக்குப் போடவில்லை. காசு வாங்கிக்கொண்டு சவாரி கூட்டிப்போவது சேவை. அதில் குறை இருந்தால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இழப்பீடு கேட்கலாம்.

அப்புறம், நம் தொழிலால் வெளியாருக்கு அடிபட்டால் பணம் தருகிற பப்ளிக் லயபிலிட்டி பாலிசி தேடி அலைந்தேன். அதே பெயரில் 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் ஒரு பாலிசி உண்டு. அது அபாயகரமான ரசாயனங்களைக் கையாளுகிற இடங்களுக்கானது, அதை வாங்கிவிடாதீர்கள். இரண்டு கம்பெனிகள் முடியாது என்றன. மூன்றாவது கம்பெனி ஹெல்மெட் உண்டா, சேணத்து வாரை யார் எப்போது பார்க்கிறார்கள், கூடப் போகிறவருக்கு எத்தனை வருஷ அனுபவம் என்றெல்லாம் கேட்டது. எந்தப் பாதை என்ற கேள்விக்கு ஏரிச் சாலை என்று மட்டும் எழுதியிருந்தேன். நண்பர் ஒருவர் சொல்லித்தான் காட்டுப்பாதையையும் சேர்த்தேன். எழுதாத பாதையில் விபத்து நடந்தால் க்ளெய்ம் நிற்காது. ஒரு விபத்துக்கு எவ்வளவு, வருஷத்துக்கு மொத்தம் எவ்வளவு என்ற இரண்டு வரம்பையும் பார்த்து வாங்குங்கள். குதிரை பிடிக்கிற பையன்கள் இதில் வரமாட்டார்கள். அவர்களுக்குப் பணியாளர் இழப்பீட்டு பாலிசி தனியாக எடுக்க வேண்டும். அந்தப் பையனுக்கும் எடுத்துவிட்டேன்.

"எங்கள் பொறுப்பல்ல" என்று கையெழுத்து வாங்குகிறோமே போதாதா என்று பலர் கேட்கிறார்கள். வார் தளர்ந்திருந்தால் அது நம் அலட்சியம், அந்தக் காகிதம் நம்மைக் காப்பாற்றாது. சின்னப் பிள்ளைகள் போடும் கையெழுத்துக்கோ சட்டத்தில் மதிப்பே இல்லை.

ஊட்டியிலிருந்து:

கால்நடை பாலிசியையும் லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள் அண்ணா. போன வருஷம் என் குதிரை வயிற்றுவலியில் இரவோடு இரவாகப் போய்விட்டது. கண்ணீரோடு அன்றே புதைத்துவிட்டேன். பிரேதப் பரிசோதனை அறிக்கை இல்லாததால் க்ளெய்ம் வரவில்லை. கால்நடை மருத்துவர் பார்க்கும்வரை புதைக்காதீர்கள், கம்பெனிக்கும் உடனே சொல்லிவிடுங்கள். உடம்பில் உள்ள சுழி, வெள்ளைப் புள்ளி எல்லாம் தெரிகிற மாதிரி நான்கு பக்கமும் போட்டோ எடுத்து வைத்திருங்கள். சவாரிக்கு விடுகிற குதிரை என்பதையும் விண்ணப்பத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

மதுரையிலிருந்து:

நான் சவாரிக்குப் போய் விழுந்தவன். தோள்பட்டை முறிவு. என் மெடிக்ளெய்மை "சாகச விளையாட்டு" என்று சொல்லி நிறுத்தி வைத்தார்கள். பாலிசியை எடுத்துப் பார்த்தேன். எதற்கெல்லாம் பணம் தரமாட்டார்கள் என்கிற பட்டியலில் 09 என்று எண் போட்ட அந்த விலக்கு, தொழில்முறையாக ஈடுபடுபவருக்குத்தான் என்று தெளிவாக இருந்தது. அந்த வரியைக் குறிப்பிட்டுக் கடிதம் கொடுத்த பிறகு பணம் வந்தது. உங்கள் குதிரையிலிருந்து யாராவது விழுந்தால் இதையும் அவர்களிடம் சொல்லுங்கள். அந்த நேரத்தில் அவர்களுக்கு எதுவும் ஓடாது.