மறு: கழலாத சக்கரத்துக்கு ஒரு சொல் – என் வாக்கு ‘துருக்கட்டு’

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

பத்து நாளாக ஓடும் இந்த இழையை வாயைத் திறக்காமல் படித்துக்கொண்டிருந்தேன். கார்க் கையேட்டைத் தமிழாக்கும் நண்பர் கேட்டது ஒரே ஒரு சொல்தான். நட்டுகளை எல்லாம் கழற்றிய பிறகும் சக்கரம் வராமல், துருவால் ஹப்போடு, அதாவது சக்கரம் மாட்டும் நடுப்பகுதியோடு, இறுகிக்கொண்டு நிற்கிறதே, அந்த நிலைக்கு என்ன பெயர்? வந்த மடல்களில் பாதி ‘நட்டு’ என்று எழுதலாமா, ‘மரை’ என்றுதான் எழுத வேண்டுமா என்ற பழைய சண்டையில் போய்விட்டன. அதற்குள் நான் வரவில்லை. தருமபுரியில் எந்தப் பஞ்சர் கடையில் போய் மரை என்று கேட்டாலும், “என்ன சார்?” என்று இரண்டாவது முறை கேட்பார்கள். அவ்வளவுதான்.

நான் பேசாமல் இருந்ததற்குக் காரணம், அப்படி ஒரு சக்கரத்தை நான் கண்ணால் பார்த்ததே இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை அது என் வீட்டு வாசலிலேயே நின்றது.

கார் என் மச்சான் சென்னையில் கடலோரமாகக் குடியிருந்தபோது எட்டு வருடம் ஓட்டி, பிறகு என் தலையில் கட்டியது. கதவுக்கு அடியிலும் சைலன்சரிலும் உப்புக்காற்று தின்ற அடையாளம் உண்டு. இங்கே காரிமங்கலம் பக்கம் காற்றில் உப்பு கிடையாது, ஆனால் முன்பே தின்றதைத் திருப்பித் தரவா போகிறது? முன்பக்க இடது சக்கரத்தில் காற்று மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்டெப்னியை மாட்டிவிட்டு அதைக் கடைக்கு எடுத்துப்போகலாம் என்று ஜாக்கி வைத்தேன். நான்கு நட்டும் ஒழுங்காக வந்தன. சக்கரம் வரவில்லை. இரண்டு கையாலும் பிடித்து இழுத்தேன். உட்கார்ந்து ஒரு உதை விட்டேன். சக்கரம் அசையவில்லை, ஜாக்கிதான் ஒரு விரல் அளவு சாய்ந்தது. அப்போதுதான் புத்தி வந்து நிறுத்தினேன்.

திண்ணையில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்த அம்மா இதையெல்லாம் பார்த்துவிட்டுச் சொன்னது இது: “ஏன்டா அதப் போட்டு ஒதைக்கிற? பால் கட்டிக்கிட்ட மடி மாதிரி நிக்குது. இழுத்தா வருமா? ஊற வச்சி, நீவி, கொஞ்சம் கொஞ்சமா ஆட்டி விடணும்.”

அம்மா கார்ச் சக்கரத்தைக் கழற்றியவர் அல்ல. நாற்பது வருடம் மாடு கறந்தவர். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தில் இந்த இழைக்கு வேண்டிய பெயர்ச்சொல், வினைச்சொல், பழுது நீக்கும் முறை மூன்றுமே இருக்கின்றன.

‘கட்டு’ என்பதைப் பாருங்கள். அடிபட்டால் ரத்தக்கட்டு. சளி பிடித்தால் தொண்டைக்கட்டு. கன்று குடிக்காமல் விட்டால் பால்கட்டு. சிறுநீர் வராமல் நின்றால் நீர்க்கட்டு. எல்லாவற்றிலும் ஒரே பொருள்தான். இளகி ஓட வேண்டியது உறைந்து, அசைய வேண்டியதை அசையவிடாமல் நிற்கிறது. யாரும் கயிறு போட்டுக் கட்டவில்லை, தானே கட்டிக்கொண்டது. அந்த வரிசையில் ‘துருக்கட்டு’ என்று ஒன்றைச் சேர்த்தால் புதுச்சொல் என்றே தோன்றவில்லை. சக்கரம் துருக்கட்டியிருக்கிறது, துருக்கட்டிய சக்கரம், துருக்கட்டு விட்டது. தொண்டைக்கட்டு ‘விடுகிறது’ என்போம் அல்லவா, அதே ‘விடு’.

இப்போது முன்மொழியப்பட்ட சொற்களுக்கு வருகிறேன்.

> ‘துருப்பூட்டு’ எனலாமே. பூட்டியதுபோல் நிற்பதால் பொருத்தம்.

நானும் முதலில் இதற்குத்தான் தலையாட்டினேன். ஆனால் வினையாக்கிப் பாருங்கள். ‘சக்கரம் துருப்பூட்டியது’ என்றால் சோறூட்டியது போல் ஒலிக்கிறது. ‘சக்கரத்தைப் பூட்டு’ என்றால் மாட்டி முடுக்கு என்று பொருள் கொள்கிறவர்களும் உண்டு, வண்டி பூட்டுகிற ஊர் இது. அப்புறம் இன்னொரு தொல்லை: ‘துருப்’ வரை படித்ததுமே கண் துருப்புச்சீட்டுக்குப் போய்விடுகிறது.

> ‘துருப்பிடி’ போதும். பிடி என்றாலே பற்றிக்கொள்வதுதானே.

அழகான யோசனை. தமிழில் துரு ‘வருவதில்லை’, ‘பிடிக்கிறது’; நம் முன்னோர் முதலிலேயே கவனித்துவிட்டார்கள். ஆனால் அதனாலேயே இந்தச் சொல் ஏற்கெனவே வேலையில் இருக்கிறது. துருப்பிடித்த சக்கரம் என்றால் துரு படிந்த சக்கரம், அது தாராளமாகக் கழன்று வரலாம். என் காரின் நான்கு சக்கரமும் துருப்பிடித்தவைதான். துருக்கட்டியது ஒன்றுதான். கையேட்டில் இந்த வேறுபாடு தேவை.

> ‘துருவழி இறுக்கம்’ என்பதே அறிவியல்படி சரியான சொல்.

சரிதான், மறுக்கவில்லை. வண்டிக்கு அடியில் குனிந்துகொண்டு ஒருவர் இன்னொருவரிடம் கத்திச் சொல்ல முடியாத சொல். தேர்வுத்தாளில் நன்றாக இருக்கும்.

ஒருவர் “இரும்புத் தொழில் இறக்குமதி, சொல்லும் இறக்குமதியாகத்தான் இருக்கும்” என்று எழுதியிருந்தார். அவருக்கு ஒரு சிறு நினைவூட்டல். 2004 வரை எங்கள் மாவட்டத்தோடு இருந்த கிருஷ்ணகிரிப் பக்கத்தில்தான் மயிலாடும்பாறை. அங்கே அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 வரை போகிறது என்று 2022இல் சட்டமன்றத்திலேயே அறிவித்தார்கள். நாலாயிரம் வருடம் இரும்பு புழங்கிய இடத்தில் நாலாயிரம் வருடம் துருவும் புழங்கியிருக்கும். கொல்லர் பட்டறையில் இதற்கு ஒரு சொல் இல்லாமலா இருந்திருக்கும்? அதை யாரும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். (இன்றைக்குப் பட்டறையில் கேட்டால் ‘ஜாம் ஆயிடிச்சி’ என்பார்கள். எனக்கு அதில் கோபமில்லை. ஆனால் கதவும் ஜாம் ஆகிறது, தொப்பூர் கணவாயில் லாரிகளும் ஜாம் ஆகின்றன.)

சரி, சக்கரக் கதையை முடிக்கிறேன். கையேட்டுக்கும் பயன்படும்.

அம்மா சொன்ன ‘ஊற வை’ முதலில். நடுவில் ஹப் சக்கரத்தின் துளைக்குள் நுழைகிற இடத்தைச் சுற்றி எண்ணெய் தெளித்தேன். அது டபிள்யூடி 40. இந்தப் பெயரைப் பற்றி ஒரு வரி: 1953இல் சான் டியேகோவில் நீரை விலக்கும் திரவம் ஒன்றைத் தேடியவர்கள் நாற்பதாவது கலவையில் அதைப் பிடித்தார்கள், ஆய்வகக் குறிப்பில் ‘வாட்டர் டிஸ்ப்ளேஸ்மென்ட், 40’ என்று எழுதியதே சுருங்கிப் பெயராக நின்றுவிட்டது. கலைச்சொல்லுக்காகப் பத்து நாள் அடித்துக்கொள்ளும் நமக்கு இது கொஞ்சம் உறைக்க வேண்டும். பிரேக் டிஸ்க்கில் ஒரு சொட்டும் படாமல் பார்த்துக்கொண்டேன், பட்டால் பிரேக் பிடிக்காது. அரை மணி நேரம் அப்படியே விட்டேன்.

அப்புறம் ‘ஆட்டி விடு’. நான்கு நட்டையும் திரும்பப் போட்டுக் கையால் கடைசிவரை திருகி, பிறகு ஒவ்வொன்றையும் ஒன்றரைச் சுற்று பின்வாங்கினேன். நட்டு இல்லாமல் இதைச் செய்யவே கூடாது. கட்டு திடீரென்று விட்டால் சக்கரம் தனியே போய்விடும். கால் பம்பில் கொஞ்சம் காற்று அடித்து, ஜாக்கியை இறக்கி, வண்டியின் எடை சக்கரத்தின் மேல் உட்காரவிட்டேன். வாசலுக்குள்ளேயே மூன்றடி முன்னே, ஒரு பிரேக். மூன்றடி பின்னே, ஒரு பிரேக். ஸ்டீயரிங்கை அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஒடித்தேன். மூன்றாவது முறை ‘டக்’ என்று ஒரு சத்தம் வந்தது, காய்ந்த புளியம்பழம் ஓடு உடைவதுபோல. அம்மா திண்ணையிலிருந்தே “விட்டிடிச்சி பாரு” என்றார். நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அந்த வினை தானாக வந்தது.

அதற்கும் மசியாவிட்டால், வண்டி ஸ்டாண்டின் மேல் உறுதியாக நிற்கும்போது, டயரின் உட்பக்கத்தில் மரக்கட்டை வைத்துச் சுத்தியலால் தட்டுவது, சக்கரத்தைக் கால்வட்டம் திருப்பி மறுபடி தட்டுவது. ரிம்மில் நேரடியாக அடித்தால் ரிம் கோணும். ஜாக்கியை மட்டும் நம்பி, நான் விட்ட உதையை யாரும் விடாதீர்கள்.

கழன்ற பின் பார்த்ததைச் சொல்லியே ஆக வேண்டும். ஹப்பின் நடுவில் துருத்தி நிற்கும் விளிம்பைச் சுற்றி ஒரு வளையம், அடிப்பிடித்த பாத்திரத்தின் நிறத்தில், நகத்தால் கீறினால் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. சக்கரத்தின் துளையிலும் அதே அகலத்துக்கு அதே வளையம். இரண்டுக்கும் இடையே இருக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டர்கூடத் தேறாது. இரும்பு துருவாகும்போது முன்பிருந்ததைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் கேட்கும். பழைய வீட்டுக் கூரையில் கம்பி துருவேறிக் காரையைப் பெயர்த்துத் தள்ளுவது இதனால்தான். கூரையில் காரை பெயர்ந்து வழிவிடும். இங்கே துருவுக்குப் போக வழியில்லை, இரண்டையும் ஒன்றாக்கிக் கெட்டிப்பட்டுவிடுகிறது. ‘ஒட்டு’, ‘பசை’ என்று சொன்ன நண்பர்கள் இதைக் கவனிக்க வேண்டும். இது பசை அல்ல, வீக்கம். மடி உவமை இன்னும் பொருந்துவது இதனால்தான்.

கம்பித் தூரிகையால் இரண்டு பக்கமும் பொருக்கெல்லாம் போகத் தேய்த்து, ஹப் விளிம்பில் மட்டும் துருத்தடுப்புக் கிரீஸ் மெல்லிய பூச்சாகத் தடவினேன். நட்டு ஏறும் ஸ்டட்டில் தடவக் கூடாது. திருகுப் புரிகள் வழுக்கினால் அதே முறுக்குக்கு அளவுக்கு மீறி இறுகும். முறுக்கு அளவு கையேட்டில் இருக்கும். சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர்.

இனி, ஓசூரில் வேதியியல் நடத்தும் அம்மையாரின் எதிர்ப்பு. இந்த இழையிலேயே கனமான மடல் அவருடையதுதான்.

> அலாய் சக்கரம் அலுமினியம். அதற்குத் துரு கிடையாது. உங்கள் சொல் எதுவானாலும் ‘துரு’வில் தொடங்கினால் பாதி கார்களுக்குப் பொருந்தாது.

அம்மையாரே, உங்கள் பேச்சுக்கு மறுபேச்சு இல்லை. அலுமினியமும் எஃகும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அரிபடுவது அலுமினியம், வருவது வெள்ளைப் பொடி. பழைய தமிழில் இதற்கு ஒழுங்கு இருந்தது: இரும்புக்குத் துரு, செம்புக்கும் பித்தளைக்கும் களிம்பு. அலுமினியம் பிந்தி வந்த உலோகம், அதன் அழுக்குக்குப் பெயர் வைக்க யாருக்கும் நேரமில்லை. என் யோசனை: பொதுச்சொல்லாக ‘அரிப்புக்கட்டு’, இரும்பு ரிம்முக்குத் ‘துருக்கட்டு’. வெள்ளைப் பொடிக்கு ‘பூப்பு’ என்று ஒருவர் தனிமடலில் எழுதினார். அது வேறு வீட்டு விசேஷம், வேண்டாம். அரிப்பு என்றால் சொறிகிற அரிப்பு என்று சிரிப்பார்கள் என்பதும் தெரியும். பாடநூலில் உலோக அரிப்பு என்று ஊன்றிவிட்டது, இனிப் பிடுங்க வேண்டாம்.

துருக்கட்டை இளக்கும் எண்ணெய்க்கு ‘ஊடுருவெண்ணெய்’ வந்திருக்கிறது. பரவாயில்லை. நான் முதலில் ‘துருவிளக்கி’ என்று எழுதிப் பார்த்தேன். துரு, இளக்கி. ஆனால் படிக்கிறவருக்குத் துருவை விளக்குவது என்றல்லவா தெரிகிறது? பாத்திரம் விளக்குவதுபோல. அது கம்பித் தூரிகையின் வேலை. ஆகவே ‘கட்டிளக்கி’. மலமிளக்கியின் தம்பி என்று கேலி செய்பவர்கள் செய்யட்டும், வேலையும் ஏறக்குறைய அதுதான்.

மொழிபெயர்க்கும் நண்பருக்கு, சொல் ஓடுகிறதா என்று பார்க்க ஒரு பத்தி:

“நட்டுகளைக் கழற்றிய பின்னும் சக்கரம் வரவில்லையென்றால் அது துருக்கட்டியிருக்கலாம். சக்கரத்தை உதைக்க வேண்டாம். குடத்தைச் சுற்றிக் கட்டிளக்கி தெளித்து அரை மணி நேரம் விடவும். நட்டுகளை மீண்டும் பொருத்தி ஒன்றரைச் சுற்று தளர்த்தி, ஜாக்கியை இறக்கி, சமதரையில் வண்டியைச் சில அடி முன்னும் பின்னும் மெதுவாக நகர்த்தி பிரேக் பிடிக்கவும். கட்டு விட்டதும் சத்தம் கேட்கும்.”

எனக்கு எங்கும் நாக்கு இடறவில்லை. உங்களுக்கு இடறினால் எந்த இடம் என்று சொல்லுங்கள்.

பத்தியில் ‘ஹப்’ இருக்க வேண்டிய இடத்தில் ‘குடம்’ என்று போட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். மாட்டுவண்டிச் சக்கரத்தின் நடுப்பகுதிக்குக் குடம் என்றுதான் பெயர், அதற்குள்தான் மை போடுவார்கள். காருக்கு ஏன் வேறு பெயர் தேட வேண்டும் என்று எனக்குப் புரியவில்லை. இதற்குத் தனி இழை தொடங்கியிருக்கிறேன். ‘நடுவளையம்’ கேட்டவர்கள் சண்டையை அங்கே வைத்துக்கொள்ளுங்கள்.