அரக்கேரியாவின் கீழ்க்கிளைகள் காய்கின்றன, உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. ராயபுரத்தில் கடலுக்குப் பக்கத்தில் வீடு. வாசல் ஓரத்தில் மண்ணில் வைத்த அரக்கேரியா, அதாங்க நர்சரியில் கிறிஸ்துமஸ் மரம் என்று கொடுப்பார்களே அது, மூன்று வருடத்தில் என் தோள் உயரம் வந்துவிட்டது. இந்த வெயிலில் கீழ்த்தட்டுக் கிளைகள் இரண்டு நுனியிலிருந்து பழுப்பாகி, தொட்டால் மொரமொரவென உதிர்கின்றன. பசிபிக்கில் இருக்கும் நார்ஃபோக் தீவுதான் இதன் சொந்த ஊர், உப்புக்காற்றைத் தாங்குகிற மரம், அதனால் காற்றின் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. ஊற்றுவது போர் தண்ணீர், வாளியில் வெள்ளையாக உப்புப் படியும். அதுதான் காரணமா, இல்லை வேரில் நீர் தேங்குகிறதா? கீழ்க்கிளை ஒருமுறை போனால் அந்த இடத்தில் திரும்ப வராது, அதை நினைத்தால்தான் மனசு பதறுகிறது. மழை வரும்வரை மெட்ரோ தண்ணீர் மட்டும் ஊற்றட்டுமா? அப்புறம், காய்ந்ததை இப்போதே வெட்டிவிடலாமா? எங்கள் பக்கம் வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.